டிடபிள்யூஜி கோப்பில் ப்ராக்ஸி ஆப்ஜெக்ட்: பிளகின் இல்லாதவர் என்ன செய்யலாம்?

வரைபலகை (கேள்வி)

வணக்கம். சாதாரண ஆட்டோகேட் 2024-இல் ஒரு சைட் பிளானைத் திறந்தால் "ப்ராக்ஸி இன்ஃபர்மேஷன்" என்ற பெட்டி வருகிறது. சர்வே, நிலம் மற்றும் சாலை வேலைக்கான சிவில் 3டி மென்பொருளில் செய்யப்பட்டது. அதில் கட்டடப் பிளான் ஒன்று எக்ஸ்ரெஃபாக (வெளியிலிருந்து இணைத்த கோப்பாக) சேர்ந்திருக்கிறது. வேறொரு சிறிய பிளகினில் வரைந்த குழாய் இணைப்புகளும் உள்ளன.

நிலைமை இதுதான்:

கட்டடச் சுவர்கள் ஒழுங்காகத் தெரிகின்றன. நிலப்பரப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் செவ்வகப் பெட்டிகள்தான் இருக்கின்றன. குழாய் இணைப்புகள் தெரிகின்றன, ஆனால் மூவ் கொடுத்தால் நகரவில்லை, எக்ஸ்ப்ளோடும் ஆகவில்லை. அந்தப் பெட்டியைக் காட்டும் அமைப்பான ப்ராக்ஸிநோட்டீஸை 0 ஆக்கினேன். பெட்டி வருவது நின்றது, மற்றபடி எதுவும் மாறவில்லை.

எனக்கு வேண்டியது மூன்று: உயர மதிப்போடு காண்டூர் (சம உயரக்) கோடுகள், சுவர்களின் கோடுகள், அடுத்தவருக்கு அனுப்பும்போது இந்தப் பெட்டி வராத சுத்தமான கோப்பு. சிவில் 3டி உரிமம் கிடையாது. எதிலிருந்து தொடங்குவது?

கட்டளைவரி

முதலில் ப்ராக்ஸிநோட்டீஸை 1-க்குத் திருப்புங்கள். அந்தப் பெட்டி தொந்தரவு இல்லை, உங்களிடம் இருக்கும் ஒரே நோய்ப் பரிசோதனை அறிக்கை அதுதான். அதை மூடிவிட்டு வேலை பார்ப்பவர்கள்தான் பிறகு பிளாட்டில் (அச்சில்) பாதி நிலம் காணாமல் போன பின் தேடுகிறார்கள்.

பெட்டியில் காணாத அப்ளிகேஷனின் பெயரும் மூன்று எண்ணிக்கைகளும் இருக்கும்: ப்ராக்ஸி கிராஃபிக்ஸ் இல்லாத கஸ்டம் ஆப்ஜெக்ட் எத்தனை, கிராஃபிக்ஸ் உள்ளவை எத்தனை, உருவமே இல்லாதவை எத்தனை. இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. அதனால் எதையும் தொடுவதற்கு முன் மூன்றையும் குறித்து வையுங்கள்.

உள்ளே நடப்பது இது. கஸ்டம் ஆப்ஜெக்ட் என்பது, ஆட்டோகேடுக்கு நிரல் எழுதும் தொகுப்பான ஆப்ஜெக்ட்ஏஆர்எக்ஸ் கொண்டு சி++ மொழியில் எழுதிய ஒரு கிளாஸ். அதன் தரவை எப்படிப் படிப்பது, எப்படி வரைவது என்பது அந்த மாட்யூலுக்கு மட்டும்தான் தெரியும். மாட்யூல் இல்லாவிட்டால் ஆட்டோகேட் அந்தத் தரவைப் பிரிக்காமல் அப்படியே பைனரியாக வைத்துக்கொள்கிறது. திரையில் அதற்குப் பதில் ஒரு ப்ராக்ஸியை நிறுத்துகிறது. கோப்பை நீங்கள் சேமித்தாலும் மூலத் தரவு அழியாது. பிளகின் உள்ள கணினியில் திறந்தால் மீண்டும் உயிர் பெறும். ஆகவே "ப்ராக்ஸி ஆகிவிட்டது, கோப்பு கெட்டுவிட்டது" என்று யாரும் பதற வேண்டாம். எக்ஸ்ப்ளோட் செய்து சேமித்தால்தான் உண்மையில் இழப்பு. அதனால் அசல் கோப்பைத் தனியாக வைத்துவிட்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

இப்போது உங்கள் மூன்று அறிகுறிகள்.

சுவர்கள் தெரிவதற்குக் காரணம், ஆட்டோகேட் ஆர்கிடெக்சரின் ஏஇசி (கட்டடக்கலை) ஆப்ஜெக்ட்களைப் படிக்கும் மாட்யூலான எனேபிளர் சாதாரண ஆட்டோகேடிலேயே சேர்ந்து வருகிறது. கட்டடக் கோப்பைத் தனியாகத் திறந்து ஒரு சுவரைத் தேர்ந்தெடுத்து லிஸ்ட் கொடுத்துப் பாருங்கள். ஏஇசி வால் என்று வந்தால் அது ப்ராக்ஸியே இல்லை.

செவ்வகப் பெட்டி வர இரண்டு காரணங்கள் இருக்கலாம். உங்கள் பக்கத்தில் ப்ராக்ஸிஷோ 2-இல் இருக்கலாம். 0 என்றால் எதுவும் தெரியாது, 1 என்றால் சேமித்த உருவம், 2 என்றால் எல்லைப் பெட்டி மட்டும். 1 ஆக்கி, ரீஜென் கொடுத்துப் பாருங்கள். அப்படியும் பெட்டியே வந்தால், அனுப்பியவர் பக்கத்தில் ப்ராக்ஸிகிராஃபிக்ஸ் 0-இல் இருந்திருக்கிறது. உருவம் கோப்பில் சேரவே இல்லை. அந்த நிலையில் நீங்கள் இங்கே ப்ராக்ஸிகிராஃபிக்ஸை 1 ஆக்கிப் பயன் இல்லை. உருவத்தை வரையத் தெரிந்த மாட்யூல் ஏறியிருக்கும்போது 1 என்று வைத்துச் சேமித்தால்தான் படம் கோப்புக்குள் போகும்.

குழாய் இணைப்புகள் தெரிந்தும் நகராதது வேறு விஷயம். அதை பிளகின் எழுதுபவர்கள் யாராவது விளக்கினால் நல்லது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: டிமாண்ட்லோட். இயல்பாக 3 இருக்க வேண்டும். 0 அல்லது 2 என்று யாராவது மாற்றியிருந்தால், எனேபிளர் நிறுவியிருந்தும் கோப்பு திறக்கும்போது அது ஏறாது, எல்லாம் ப்ராக்ஸியாகவே நிற்கும். ஆப்ஷன்ஸில் ஓப்பன் அண்ட் சேவ் தாவலில், ஆப்ஜெக்ட்ஏஆர்எக்ஸ் அப்ளிகேஷன்ஸ் பகுதியில் இதே அமைப்பு இருக்கிறது.

சமவரை

காண்டூர் பற்றி மட்டும் சொல்கிறேன், சர்வே கோப்புகள் தான் என் அன்றாட வேலை.

முதல் வழி, சிவில் 3டி ஆப்ஜெக்ட் எனேபிளரை நிறுவுவது. தனியாக இலவசமாகக் கிடைக்கிறது, சிவில் 3டி உரிமம் வேண்டாம். ஆனால் பதிப்பைக் கவனியுங்கள். ஆட்டோகேட் 2024-க்கு 2024 எனேபிளர்தான். சர்வே 2025-இல் செய்யப்பட்டிருந்தால் 2024 எனேபிளருக்கு அது புரியாது, மீண்டும் ப்ராக்ஸிதான். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள்: 2018 முதல் 2026 வரை வந்த பதிப்புகள் எல்லாம் ஒரே 2018 டிடபிள்யூஜி வடிவத்தில்தான் சேமிக்கின்றன, கோப்பின் தலைப்பில் ஏசி1032 என்றே இருக்கும். கோப்பு திறந்துவிடும். ஆனால் உள்ளே இருக்கும் சிவில் ஆப்ஜெக்ட்களுக்குத் தனிப் பதிப்பு உண்டு. "சேவ் ஆஸ் பழைய வடிவத்தில் கொடுங்கள்" என்று கேட்பதாலும் இது தீராது, ஏனெனில் வடிவம் பழையதாகிறதே தவிர சிவில் ஆப்ஜெக்ட் பழைய சிவில் ஆப்ஜெக்ட் ஆகாது.

எனேபிளர் ஏறியதும் பரப்பு உண்மையான ஆப்ஜெக்டாகத் தெரியும். அப்போது முன்னால் இடைக்கோடு போட்ட எக்ஸ்போர்ட்டுஆட்டோகேட் கட்டளையைக் கொடுங்கள். இடைக்கோட்டை விட்டுவிடாதீர்கள். அது வடிவம், பைண்ட் (எக்ஸ்ரெஃபைக் கோப்புக்குள்ளேயே சேர்ப்பது), பைண்ட் வகை, பெயரின் முன்னொட்டு ஆகியவற்றைக் கேட்டு, புதிய கோப்பாக எழுதும். உங்கள் மூலம் அப்படியே இருக்கும், புதியதன் பெயருக்கு முன்னால் இயல்பாக ஏகேட் என்று சேரும். இதே கட்டளை உங்கள் கட்டடக் கோப்பில் சுவர்களையும் சாதாரணக் கோடுகளாக்கித் தரும். ஆக உங்கள் இரண்டாவது தேவை சிவில் 3டி எனேபிளர் இல்லாமலேயே இன்றைக்கே முடிந்துவிடும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்போர்ட்டுஆட்டோகேட் தனக்குத் தெரிந்த ஆப்ஜெக்டைத்தான் பிரிக்கும். ப்ராக்ஸியாக நிற்பதைப் பிரிக்காது. எனேபிளர் இல்லாமல் ஓட்டிவிட்டு "கட்டளை வேலை செய்யவில்லை" என்று எழுதும் பதிவுகளில் முக்கால்வாசி இதனால்தான்.

இரண்டாவது வழி, எனக்கு இதுதான் பிடித்தது: அனுப்பியவரிடமே கேளுங்கள். ஆனால் "ஆட்டோகேடில் தெரியவில்லை, சரி செய்து அனுப்புங்கள்" என்று பொதுவாக எழுதாதீர்கள். அவருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. குறிப்பாக இப்படிக் கேளுங்கள்:

அ. பரப்பின் ஸ்டைலில் காண்டூரும் முக்கோணங்களும் இரண்டும் தெரியும்படி வைத்து, எக்ஸ்போர்ட் சிவில் 3டி டிராயிங் கட்டளையால் சாதாரண டிடபிள்யூஜி ஒன்று. எக்ஸ்ரெஃப்களையும் சேர்த்து.

ஆ. அதே பரப்புக்கு லேண்ட்எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்று.

இ. லேபிள்கள் உங்களுக்கு வேண்டிய அனோட்டேஷன் அளவில், உதாரணமாக 1:500.

ஸ்டைலைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிரிக்கும்போது வருவது தரவு அல்ல, அந்த நேரத்தில் திரையில் தெரியும் வடிவம். ஸ்டைலில் எல்லைக்கோடு மட்டும் தெரிகிறது என்றால் ஆயிரம் புள்ளிகள் உள்ள பரப்பும் ஒரே ஒரு எல்லைக்கோடாக வெளியே வரும். காண்டூர் தெரிந்தால் ஒவ்வொன்றும் தன் உயரத்தோடு பாலிலைனாக வரும். முக்கோணங்கள் தெரிந்தால் 3டி ஃபேஸ்களாக, மூன்று மூலைக்கும் இசட் மதிப்போடு வரும். காண்டூர் இடைவெளி 1 மீட்டர் என்று ஸ்டைலில் இருந்தால் 0.25 மீட்டர் காண்டூரை நீங்கள் பிறகு அதிலிருந்து நேர்மையாக உருவாக்க முடியாது, இடையில் இருந்த புள்ளிகள் போய்விட்டன. முக்கோணங்களிலிருந்து முடியும். அதனால்தான் இரண்டையும் கேட்கச் சொல்கிறேன்.

லேபிள் விஷயமும் இதே மாதிரி. உண்மையான சிவில் லேபிள் வியூபோர்ட்டின் அளவுக்கேற்ப மாறும். ப்ராக்ஸியின் சேமித்த படமோ, பிரித்த எழுத்தோ மாறாது. 1:1000-இல் சேமித்ததை 1:200 தாளில் வைத்தால் எழுத்து ஐந்து மடங்கு பெரிதாக நிற்கும்.

லேண்ட்எக்ஸ்எம்எல் ஏன்? அதில் பரப்பின் புள்ளிகளும் முக்கோண இணைப்புகளும், சாலை மையக்கோடு இருந்தால் அதன் நேர்கோடு, வளைவு, ஸ்பைரல் எல்லாம் அளவுகளோடு எழுத்தாகவே இருக்கும். எந்த பிளகினையும் நம்பி இல்லை. சாதாரண ஆட்டோகேட் அதை நேரடியாக இறக்குமதி செய்யாது, ஆனால் வேறு சிவில் மென்பொருள்கள் பலவும் படிக்கும், சின்ன லிஸ்ப் நிரல் எழுதியும் படிக்கலாம். நீங்களே படிப்பதானால் ஒரு எச்சரிக்கை: அதில் புள்ளியின் வரிசை வடக்கு, கிழக்கு, உயரம். எக்ஸ், ஒய் என்று எடுத்துக்கொண்டால் நிலமே கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிவிடும்.

வரைபலகை

மிக்க நன்றி. ப்ராக்ஸிஷோ 1-இல்தான் இருந்தது, எனவே உருவம் கோப்பில் இல்லை என்று புரிகிறது. பெட்டியின் எண்ணிக்கைகள்: கிராஃபிக்ஸ் இல்லாதவை 6, உள்ளவை 148, உருவமற்றவை 37.

2024 எனேபிளர் நிறுவினேன். பரப்பு தெரிகிறது, இடைக்கோடு எக்ஸ்போர்ட்டுஆட்டோகேட் வேலை செய்தது, காண்டூர் உயரத்தோடு கிடைத்தது. சுவர்களும் கோடுகளாகிவிட்டன. அனுப்பியவரிடம் லேண்ட்எக்ஸ்எம்எல் கேட்டிருக்கிறேன்.

மீதி இருப்பது இரண்டு. குழாய் இணைப்புகள் 148-உம் அப்படியே நகராமல் நிற்கின்றன. அவற்றின் நிறத்தை ப்ராப்பர்டீஸில் மாற்றினால் ஏற்றுக்கொள்வதுபோல் காட்டுகிறது, திரையில் மாறுவதில்லை. அந்த பிளகினை உருவாக்கியவர்கள் இப்போது வெளியிடுவதில்லை. இன்னொன்று, உருவமற்றவை எனேபிளருக்குப் பிறகு 37-லிருந்து 9 ஆகக் குறைந்து அங்கேயே நிற்கின்றன, பெட்டி இன்னும் வருகிறது.

ஏஆர்எக்ஸ் தச்சன்

நகராதது ஏன் என்பதற்கு வருகிறேன் சார்.

கஸ்டம் கிளாஸை எழுதும்போதே, "நான் ப்ராக்ஸியாக நின்றால் என்னை என்னென்ன செய்யலாம்" என்று எழுதியவர் ஒரு எண் கொடுத்துவிடுகிறார். அது பிட்களின் கூட்டுத்தொகை. அழிக்கலாம் என்றால் 1, நகர்த்தல் சுழற்றல் போன்ற உருமாற்றத்துக்கு 2, நிறம் 4, லேயர் 8, லைன்டைப் 16, லைன்டைப் அளவு 32, தெரிவதும் மறைவதும் 64, நகலெடுக்க 128, லைன்வெயிட் 256, பிளாட் ஸ்டைல் 512. எல்லாம் சேர்ந்தால் 1023. 0 என்றால் எதுவுமே கூடாது. உங்கள் குழாய்களுக்கு 2 இல்லை, 4 இருக்கிறது என்று தோன்றுகிறது.

ஊகிக்க வேண்டாம், பார்த்துவிடலாம். கோப்பை ஆஸ்கி டிஎக்ஸ்எஃப் (எழுத்தாகப் படிக்கக்கூடிய வடிவம்) ஆகச் சேமித்து நோட்பேடில் திறந்து கிளாசஸ் என்ற பகுதிக்குப் போங்கள். ஒவ்வொரு கிளாஸுக்கும் குழு எண் 1-இல் டிஎக்ஸ்எஃப் பெயர், 2-இல் சி++ கிளாஸ் பெயர், 3-இல் அப்ளிகேஷன் பெயர், 90-இல் நான் மேலே சொன்ன அனுமதி எண், 91-இல் எத்தனை இருக்கின்றன என்ற எண்ணிக்கை, 280-இல் இந்தக் கோப்பு உருவானபோது அது ப்ராக்ஸியாக இருந்ததா, 281-இல் அது வரைபட உருவமா இல்லையா. 281 சுழியாக இருப்பவற்றுக்குள்தான் உங்கள் 9 உருவமற்றவையும் இருக்கும். 3-இல் உள்ள அப்ளிகேஷன் பெயரைப் பார்த்தால் அவை யாருடையவை என்று தெரிந்துவிடும். இந்த ஒரு பக்கத்தைப் படிக்கப் பழகிக்கொண்டால் ப்ராக்ஸி பற்றிய பாதிக் கேள்விகளுக்கு விடை அங்கேயே கிடைக்கும்.

நிறம் மாறாததற்குக் காரணம்: சேமித்த உருவம் என்பது வரைந்த ஒவ்வொரு கோட்டையும் அதன் நிறம், லேயர் உட்படப் பதிந்துவைத்த ஒரு படச்சுருள். பிளகின் அந்தக் கோட்டை "நிறம் 3" என்று நேரடியாகச் சொல்லி வரைந்திருந்தால், ஆப்ஜெக்டின் நிறத்தை நீங்கள் மாற்றுவது படச்சுருளுக்குள் போவதில்லை. ஆப்ஜெக்டின் நிறத்தைப் பின்பற்றும்படி வரைந்திருந்தால் மாறும்.

எக்ஸ்ப்ளோட் பற்றி. ப்ராக்ஸி மீது அது சில சமயம் வேலை செய்யும், சில சமயம் மறுக்கும். முதலில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சோதியுங்கள், வந்த கோடுகளை லிஸ்ட் செய்து நீளத்தையும் லேயரையும் பாருங்கள், பிறகு மற்றவை. உங்களுக்கு மறுக்கிறது என்பதால் அடுத்த வழி: எக்ஸ்ப்ளோட்ப்ராக்ஸி என்று இதற்காகவே எழுதப்பட்ட சின்ன ஏஆர்எக்ஸ் மாட்யூல் இணையத்தில் இலவசமாகப் புழங்குகிறது. அதை ஆப்லோட் மூலம் ஏற்றினால் எக்ஸ்ப்ளோட்ஆல்ப்ராக்ஸி, ரிமூவ்ஆல்ப்ராக்ஸி என்று இரண்டு கட்டளைகள் கிடைக்கும். முதலாவது உருவம் உள்ள ப்ராக்ஸிகளைச் சேமித்த படத்திலிருந்து சாதாரணக் கோடுகளாக்கும். இரண்டாவது மீதியை அழிக்கும். வரிசையை மாற்றினால் குழாய்கள் ஒரேயடியாகப் போய்விடும்.

அதைப் பயன்படுத்தும் முன் மூன்று விஷயம்.

பதிப்பு. ஏஆர்எக்ஸ் மாட்யூல்கள் எல்லாப் பதிப்புக்கும் பொதுவானவை அல்ல. 2021 முதல் 2024 வரை உள்ளே ஆர்24 என்ற ஒரே குடும்பம், 2025-இல் ஆர்25 தொடங்குகிறது. 2024-க்குக் கட்டியதை 2025-இல் ஏற்ற முடியாது. "லோட் ஆகவில்லை" என்று வந்தால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

பாதுகாப்பு. ஏஆர்எக்ஸ் ஏறிவிட்டால் உங்கள் கணக்கின் முழு உரிமையோடு ஓடும். செக்யூர்லோடை 0 ஆக்காதீர்கள். தனியாக ஒரு ஃபோல்டர் வைத்து, அதை மட்டும் டிரஸ்டட்பாத்ஸில் சேருங்கள். முழு டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் துணை ஃபோல்டர்களோடு சேர்ப்பது கதவைத் திறந்துவைப்பதுதான். ஜிப்பைப் பிரிக்கும் முன் அதன் ப்ராப்பர்டீஸில் அன்பிளாக் செய்யாவிட்டால் விண்டோஸே ஏற்ற விடாமல் தடுக்கக்கூடும்.

ஆட்டோகேட் எல்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி இல்லை. 2024 முதல் அதில் லிஸ்ப் ஓடுகிறது, ஆனால் பிறர் எழுதிய ஏஆர்எக்ஸ் ஓடாது.

பிளகின் எழுதுபவர்கள் இந்த இழையைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்தச் சிக்கலின் வேர் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. கிளாஸை டிபிஎக்ஸ் கோப்பிலும், கட்டளைகளையும் பெட்டிகளையும் ஏஆர்எக்ஸ் கோப்பிலும் பிரித்து வையுங்கள். டிபிஎக்ஸ்தான் எனேபிளர், அதை இலவசமாக விடலாம், உங்கள் வியாபாரம் ஏஆர்எக்ஸில் பத்திரமாக இருக்கும். பண்டில் ஃபோல்டரின் பேக்கேஜ்கண்டெண்ட்ஸ் கோப்பில் லோட்ஆன்ப்ராக்ஸியை இயக்குங்கள். ரெஜிஸ்ட்ரி வழியாக நிறுவுகிறீர்கள் என்றால் லோட்கண்ட்ரோல்ஸ் மதிப்பில் 1 என்ற பிட் இருக்க வேண்டும், அது இல்லாமல் 4 மட்டும் இருந்தால் கட்டளை அடித்தால்தான் மாட்யூல் ஏறும், கோப்பைத் திறந்தால் ஏறாது. ப்ராக்ஸிக்காகச் சேமிக்கும்போது, உருவத்தை வரையும் செயல்பாடான வேர்ல்ட்டிரா தனி ரீஜென் வகையோடு அழைக்கப்படுகிறது, அங்கே முழு உருவத்தையும் கொடுங்கள். வியூபோர்ட்டிராவில் மட்டும் வரைவதை நம்பாதீர்கள். எக்ஸ்ப்ளோட் செயல்பாட்டையும் மறக்காமல் எழுதுங்கள். அப்ளிகேஷன் பெயரில் நிறுவனத்தையும் இணைய முகவரியையும் சேருங்கள், பிளகின் இல்லாதவர் திரையில் பார்க்கும் ஒரே தடயம் அதுதான்.

தரவும் கொஞ்சம் தனி உருவமும்தான் வேண்டும் என்றால் கஸ்டம் கிளாஸே வேண்டாம். ஆட்டோகேட் 2010 முதல் ஓவர்ரூல் வசதி இருக்கிறது. சாதாரணக் கோட்டின் மீதோ பிளாக்கின் மீதோ எக்ஸ்டேட்டா (ஒட்டிவைக்கும் கூடுதல் தரவு) வைத்து, வரைவதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பிளகின் இல்லாத இடத்தில் அது சாதாரணக் கோடாகவே தெரியும், ப்ராக்ஸி என்ற பேச்சே எழாது.

கட்டளைவரி

தச்சன் சொன்னதற்கு நன்றி. வரைபலகை, எக்ஸ்ப்ளோட்ஆல்ப்ராக்ஸி ஓட்டிய பிறகும் சில மறைந்திருக்கும் இடங்கள் உண்டு.

லிஸ்ப்பில் எஸ்எஸ்கெட்டை எக்ஸ் விருப்பத்தோடு, 0 குழுவுக்கு ஏகேட் ப்ராக்ஸி எண்டிட்டி என்ற வடிகட்டி கொடுத்துத் தேடினால் மாடல், லேஅவுட் இரண்டிலும் மேலாக இருப்பவை மட்டும் கிடைக்கும். பிளாக்கின் வரையறைக்குள் இருப்பவை கிடைக்காது. எண்ணிக்கை 0 என்று வந்தும் பெட்டி வருகிறது என்றால் பிளாக் பட்டியலை ஒவ்வொன்றாக நடந்து, உள்ளே உள்ள ஒவ்வொரு உருவத்தின் 0 குழுவையும் பார்க்க வேண்டும். கிடைத்த பிளாக்கை பிஎடிட்டில் (பிளாக் எடிட்டரில்) திறந்து அங்கேயே எக்ஸ்ப்ளோட் செய்யலாம். பூட்டிய லேயர்களையும் முதலில் திறந்துவிடுங்கள். தேடலில் வரும், ஆனால் எக்ஸ்ப்ளோட் ஆகாது.

எக்ஸ்ரெஃபில் உள்ள ப்ராக்ஸியை, அதை இணைத்திருக்கும் முதன்மைக் கோப்பிலிருந்து தொட முடியாது. ஒவ்வொரு எக்ஸ்ரெஃபையும் தனியாகத் திறந்து சுத்தம் செய்த பிறகுதான் பைண்ட். முதலில் பைண்ட் செய்தால் ப்ராக்ஸிகள் பிளாக்குக்குள் புதைந்துபோகும், மேலே சொன்ன நடையை நடக்க வேண்டியிருக்கும்.

அந்த 9 உருவமற்றவை: இவை டிக்ஷனரிகளில் (கோப்புக்குள் உருவமில்லாத தரவை வைக்கும் பட்டியல்களில்) தங்கியிருக்கும் ஸ்டைல்கள், அமைப்புகள் போன்றவை. பர்ஜ் அவற்றைத் தொடாது. ஆடிட்டும் தொடாது, காரணம் அவை பிழை அல்ல, விதிப்படி இருக்கும் தரவு. ரிமூவ்ஆல்ப்ராக்ஸி பெரும்பாலும் இங்கே வேலையை முடித்துவிடும். முடியாவிட்டால் கையால் செய்யும் வழி இது.

புதிய வெற்றுக் கோப்புக்குத் தேவையானதை மட்டும் கொண்டுபோவது. டபிள்யூபிளாக் கொடுத்து, "முழு வரைபடம்" என்பதை விட்டு "ஆப்ஜெக்ட்கள்" என்பதைத் தேர்ந்தெடுத்து, கோடுகளை எல்லாம் எடுத்து, அடிப்புள்ளி 0,0,0 என்று வைத்து எழுதுங்கள். அந்தக் கோடுகள் சுட்டும் லேயர், எழுத்து ஸ்டைல், பிளாக் மட்டும் கூடவே போகும். யாரும் சுட்டாத டிக்ஷனரி தரவு பின்தங்கிவிடும். சர்வே ஆயத்தொலைவுகள் பெரிய எண்களாக இருக்கும் என்பதால் அடிப்புள்ளியை வேறு எங்கும் வைக்காதீர்கள், யூசிஎஸ்ஸும் வேர்ல்டில் இருக்கட்டும். யூனிட்ஸில் இன்செர்ஷன் அளவு இரண்டு கோப்பிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

லேஅவுட்கள் இப்படிப் போகாது. புதிய கோப்பில் இடைக்கோடு லேஅவுட் கட்டளையின் டெம்ப்ளேட் விருப்பத்தில் சுத்தம் செய்த பழைய கோப்பைக் காட்டி ஒவ்வொன்றாக இழுங்கள். லேஅவுட்டில் உட்கார்ந்திருக்கும் ப்ராக்ஸி இதோடு திரும்பி வரும், ஆகவே அதை முன்பே கவனித்துக்கொள்ள வேண்டும்.

அப்படியும் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டு வந்தால், ஏதோ ஒரு கோட்டின் அல்லது லேயரின் எக்ஸ்டென்ஷன் டிக்ஷனரியில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். லிஸ்ப்பின் எண்ட்கெட் தரும் பட்டியலில் ஏகேட் எக்ஸ்டிக்ஷனரி என்ற தொகுதி உள்ள உருவங்களைத் தேடிப் பாருங்கள். டிக்ட்ரிமூவ் கொண்டு வேரில் உள்ள டிக்ஷனரிகளை வெட்டுவதாக இருந்தால், ஏஇசி என்று தொடங்குபவற்றையும் அந்தப் பிளகின் பெயரில் உள்ளவற்றையும் மட்டும் தொடுங்கள். ஏகேட் குரூப், ஏகேட் லேஅவுட், ஏகேட் எம்லைன்ஸ்டைல், ஏகேட் பிளாட்செட்டிங்ஸ், ஏகேட் பிளாட்ஸ்டைல்நேம் ஆகியவை ஆட்டோகேடுக்கே சொந்தமானவை, அவற்றை வெட்டினால் கோப்பு உண்மையாகவே கெடும்.

பிடிஎஃப் ஆக்கி மீண்டும் பிடிஎஃப்இம்போர்ட் செய்வது என்ற யோசனையும் யாராவது சொல்வார்கள். படச்சுருள் இருந்து, வேறு எதுவும் கைகொடுக்காதபோது மட்டும். இசட் மதிப்பு முழுதும் போய்விடும், ஆயத்தொலைவும் போய்விடும், வளைவுகள் துண்டுகளாக வரலாம், எஸ்ஹெச்எக்ஸ் எழுத்து கோடுகளாக வந்து அதைத் திரும்ப எழுத்தாக்க பிடிஎஃப்எஸ்ஹெச்எக்ஸ்டெக்ஸ்ட் ஓட்ட வேண்டும். குழாயின் பின்னணிப் படமாக வைக்கச் சரி, காண்டூருக்கு வேண்டவே வேண்டாம்.

வரைபலகை

கிளாசஸ் பகுதியில் பார்த்தேன். குழாய் கிளாஸின் 90 மதிப்பு 13. அதாவது 1, 4, 8 மட்டும்: அழிக்கலாம், நிறம், லேயர் மாற்றலாம், நகர்த்தக் கூடாது. தச்சன் சொன்னது அப்படியே.

ஆர்24-க்கான மாட்யூலை ஏற்றி எக்ஸ்ப்ளோட்ஆல்ப்ராக்ஸி கொடுத்ததும் 148-இல் 140 கோடுகளாகின. மீதி 8 ஒரு பிளாக்குக்குள் இருந்தன, பிஎடிட்டில் முடிந்தது. பிறகு ரிமூவ்ஆல்ப்ராக்ஸி, டபிள்யூபிளாக், லேஅவுட் இறக்குமதி. இப்போது பெட்டி வருவதில்லை.

கடைசியாக ஒன்று: அனுப்பும் முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

சமவரை

எனேபிளர் இல்லாத ஒரு கணினியில், ப்ராக்ஸிநோட்டீஸ் 1 என்று வைத்துத் திறந்து பாருங்கள். உங்கள் கணினியில் எனேபிளர் இருப்பதால் மிச்சம் இருக்கும் சிவில் ஆப்ஜெக்ட் எதுவும் உங்களுக்கு ப்ராக்ஸியாகக் காட்டாது, பெறுபவருக்குத்தான் காட்டும். வேறு கணினி இல்லையென்றால் டிஎக்ஸ்எஃப் ஆக்கி கிளாசஸ் பகுதியில் ஏஇசிசி என்று தொடங்கும் பெயர் இருக்கிறதா, இருந்தால் அதன் 91 சுழியா என்று பாருங்கள்.

பிறகு லேண்ட்எக்ஸ்எம்எல் வந்ததும் நிலத்தின் நாலா பக்கமும் நடுவிலும் ஐந்தாறு புள்ளிகளை எடுத்து, அதே இடத்தில் உங்கள் காண்டூர் பாலிலைனின் எலிவேஷனோடு ஒப்பிடுங்கள். புள்ளியின் உயரம் அதை அடுத்திருக்கும் இரண்டு காண்டூர்களுக்கு இடையில் விழ வேண்டும். எல்லாப் புள்ளியிலும் ஒரே அளவு வித்தியாசம் வந்தால் டேட்டம் (உயரத்தை அளக்கத் தொடங்கும் மட்டம்) வேறு. ஒரே விகிதத்தில் மாறினால் யூனிட் தவறு, அடியும் மீட்டரும் மாறியிருந்தால் விகிதம் 3.28-ஐ ஒட்டி இருக்கும். எல்லாக் காண்டூரின் எலிவேஷனும் 0 என்றால் யாரோ உயரத்தை 0 ஆக்கும் ஃப்ளாட்டன் கட்டளையை ஓட்டியிருக்கிறார்கள், அந்தக் கோப்பை அனுப்ப வேண்டாம், எக்ஸ்போர்ட் செய்த நகலுக்குத் திரும்புங்கள்.

குழாய்களுக்கும் ஒன்று. பிரித்த கோடுகளில் விட்டம், பொருள், சாய்வு எதுவும் கிடையாது, அவையெல்லாம் மூட்டையாக இருந்த மூலத் தரவோடு போய்விட்டன. அனுப்பும் கோப்போடு, நீங்கள் தொடாமல் வைத்த அசலையும் சேர்த்து அனுப்புங்கள். அந்த பிளகின் இன்னும் நிறுவியிருக்கும் ஒருவரிடம் அது போய்ச் சேர்ந்தால் அவர் அதிலிருந்து அட்டவணை எடுத்துக்கொள்ள முடியும்.